ஊசி மாதிரியை மட்டும் வைத்து மேன்டில் செல் லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்றுநோயில் ஒரு வகை) என்று சொல்லலாமா?

வணக்கம். நோயியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு கேஸில் உங்கள் உதவி வேண்டும்.

60 வயதைத் தாண்டிய பெரியவர், கழுத்தில் நெறிகட்டி. எஃப்என்ஏசி (மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சி எடுக்கும் சோதனை) ஸ்மியரில் ஒரே மாதிரியான சிறிய, நடுத்தர லிம்ஃபோசைட்டுகள், உட்கருவின் ஓரம் மடிந்ததுபோல. ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல்களின் மேலுள்ள புரதங்களைப் பார்க்கும் சோதனை) சிடி20, சிடி5 பாசிட்டிவ். சிடி10, சிடி23, சிடி200 நெகட்டிவ். சிஎல்எல் (நாள்பட்ட லிம்ஃபோசைட் ரத்தப் புற்றுநோய்) என்றால் சிடி23, சிடி200 இரண்டும் பெரும்பாலும் வந்திருக்கும். அதனால் மேன்டில் செல் என்றே தோன்றுகிறது. ஆனால் செல் பிளாக்கில் (ஊசியில் வந்த செல்களை மெழுகில் பதித்தது) செல்கள் மிகக் குறைவு. மேன்டில் செல்லில் எதிர்பார்க்கும் சைக்ளின் டி1 புரதம் மங்கலாகத்தான் தெரிகிறது.

முழு நெறிக்கட்டியையும் எடுத்துப் பார்ப்பதே சரி, அதன் அமைப்பு ஊசியில் கிடைக்காது. ஆனால் அவர் இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறார், அறுவை தள்ளிப்போகிறது. அவருடைய மகள் தினமும் லேப் வாசலில் வந்து கேட்கிறார். அவசரப்பட்டுத் தவறான பெயர் கொடுத்துவிடக் கூடாது என்று பயமாக இருக்கிறது.

கீம்சா சாயமிட்ட பழைய ஸ்மியரிலேயே டி(11;14)க்கு (மேன்டில் செல்லில் வரும் 11, 14 குரோமோசோம்களின் இடமாற்றம்) ஃபிஷ் (ஒளிரும் குறிகளால் மரபணு மாற்றத்தைப் பார்க்கும் சோதனை) செய்தவர்கள் இருக்கிறீர்களா? சாயத்தை நீக்கும்போது செல்கள் கழன்றுவிடுமா? அப்புறம், மிச்சமிருக்கும் பிளாக்கில் முதலில் மேன்டில் செல்லை உறுதிப்படுத்த உதவும் சாக்ஸ்11 போடவா, செல்கள் பெருகும் வேகத்தைக் காட்டும் கி67 போடவா? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.