கண்ணாடியைக் கழற்றிவிட்டு கிரேட் வைர்லியில் நடந்தேன்

எனக்கு இரண்டு கண்ணிலும் பவர் மைனஸ் எட்டு. இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. வேலைக்காக பர்மிங்ஹாமில் ஒன்றரை வருடம் இருந்தபோதுதான் ஜார்ஜ் எடல்ஜி வழக்கைப் படித்தேன். அவருக்கும் கிட்டத்தட்ட இதே பவர் என்று தெரிந்த பிறகு அந்த ஊரைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

வழக்கு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜார்ஜின் அப்பா ஷாபூர்ஜி எடல்ஜி பம்பாயில் பிறந்த பார்சி. கிறிஸ்தவராகி, இங்கிலாந்து போய், ஆங்கிலேயப் பெண்ணை மணந்து, ஸ்டஃபோர்ட்ஷயரில் கிரேட் வைர்லி என்ற சுரங்க ஊருக்குப் பாதிரியாராக வந்தவர். 1888 முதலே அந்த வீட்டுக்கு மொட்டைக் கடிதங்கள் வர ஆரம்பித்தன. நடுவில் ஒருநாள் வால்சால் பள்ளி ஒன்றின் பெரிய சாவி அவர்கள் வாசற்படியில் கிடந்தது. யார் போட்டது என்று விசாரிப்பதற்குப் பதிலாக மாவட்டக் காவல்துறைத் தலைவர் கேப்டன் ஆன்சன், மகன்தான் செய்திருப்பான் என்று முடிவு கட்டிவிட்டார். அப்போது ஜார்ஜ் பதினாறு வயதுப் பையன். அந்த எண்ணத்தை ஆன்சன் பத்து வருடம் கைவிடவே இல்லை என்பதுதான் எனக்கு இந்த வழக்கிலேயே மிகவும் பயமாக இருக்கும் இடம்.

1903-ல் ஊரில் குதிரை, மாடு, ஆடுகளை யாரோ இரவில் வயிற்றில் கீறிவிட்டுப் போனார்கள். ஆகஸ்ட் 17 இரவு சுரங்க வேலைக்கான ஒரு மட்டக்குதிரை அப்படிக் கீறப்பட்டது. மறுநாளே ஜார்ஜைக் கைது செய்தார்கள். அவருக்கு அப்போது 27 வயது, பர்மிங்ஹாமில் வழக்கறிஞர், ரயில் பயணிகளுக்கான சட்டம் பற்றி ஒரு சின்னப் புத்தகம்கூட எழுதியிருந்தார். அப்பாவும் மகனும் ஒரே அறையில், கதவைப் பூட்டிவிட்டுத்தான் படுத்தோம் என்று அப்பா சாட்சி சொன்னார். ஜூரிகள் நம்பவில்லை. ஏழு வருடக் கடுங்காவல்.

சரி, என் கதைக்கு வருகிறேன். நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லேண்டிவுட் ஸ்டேஷனில் இறங்கி, ஷாபூர்ஜி பாதிரியாராக இருந்த புனித மாற்கு தேவாலயத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது மணி நாலரைதான், அதற்குள் இருட்டிவிட்டது. ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு நடைபாதையில் நின்று கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்து பார்த்தேன். தெருவிளக்கு ஒவ்வொன்றும் தாம்பாளம் அளவுக்கு விரிந்து மிதந்தது. நடைபாதையின் விளிம்பு எங்கே முடிகிறது என்று காலால் தடவித்தான் தெரிந்துகொண்டேன். இருபது அடி போயிருப்பேன், முட்டி அளவுக் கம்பி ஒன்றில் இடித்து நின்றேன். வலியைவிட கோபம்தான் அதிகமாக வந்தது.

ஏனென்றால் எனக்கு விளக்கு இருந்தது, மழை இல்லை, கால்களின் கீழே தார்ப்பாதை. அந்த ஆகஸ்ட் இரவில் மழையும் காற்றும். வீட்டிலிருந்து குதிரை நின்ற இடத்துக்கு அரை மைல் தூரம், நடுவில் ரயில் பாதை, வேலிகள். இருபது போலீஸ்காரர்கள் காவலுக்கு நின்றிருக்கிறார்கள். கிட்டப்பார்வையோடு விழி வளைவுக் கோளாறும் சேர்ந்து, பொருத்தமான கண்ணாடியே அமையாத ஒரு மனிதர் இத்தனையையும் தாண்டிப் போய், துள்ளும் குதிரையைப் பிடித்துக் கீறிவிட்டு, அப்பா விழிப்பதற்குள் வந்து படுத்தாராம்! இதற்கு ஒரு கண் மருத்துவரைக்கூட அவர் தரப்பு கோர்ட்டுக்குக் கூப்பிடவில்லை, வழக்கே நிற்காது என்று நம்பிவிட்டார்கள்.

ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகள் எழுதிய ஆர்தர் கோனன் டாயில், சிறையிலிருந்து வந்த ஜார்ஜை முதன்முதலில் லண்டன் சேரிங் கிராஸில் ஒரு ஹோட்டலில் சந்தித்தார். ஜார்ஜ் அங்கே உட்கார்ந்து நாளிதழை முகத்தோடு ஒட்டி, கொஞ்சம் சாய்த்துப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். தானும் கண் மருத்துவம் படித்தவர் என்பதால் டாயிலுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. நான் காலையில் கண்ணாடி தேடும்போது செல்போனைப் பிடிப்பது அப்படித்தான்.

* * *

அண்ணா, உங்கள் பதிவைப் படித்ததும் என் பழைய அலுவலகம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. மேலதிகாரியைப் பற்றி ஒரு மொட்டைக் கடிதம் போனது. "ழ" எழுதும் விதம் என் எழுத்து மாதிரி இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள், அவ்வளவுதான், நாலு மாதம் யாரும் என்னோடு டீ குடிக்க வரவில்லை. எழுதியது வேறு ஆள் என்று பிறகு தெரிந்தது. ஒருவர்கூட என்னிடம் வந்து பேசவில்லை.

அதனால் எடல்ஜி வழக்கில் எனக்கு உறுத்துவது கையெழுத்துதான். குற்றத்தைப் பற்றி வந்த மொட்டைக் கடிதங்களை ஜார்ஜே எழுதினார் என்று சாட்சி சொன்னவர் தாமஸ் கரின் என்ற நிபுணர். இதே கரின்தான் 1896-ல் அடால்ஃப் பெக் வழக்கிலும் சாட்சி சொல்லி, நிரபராதி ஒருவர் சிறைக்குப் போகக் காரணமானவர். அந்தத் தவறை 1904 விசாரணையில் அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் அதற்குள் ஜார்ஜ் உள்ளே போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. அவர் உள்ளே இருந்தபோதும் கால்நடைகள் கீறப்பட்டன, பத்தாயிரம் பேர் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள், 1906 அக்டோபர் வரை விடவில்லை.

* * *

ஜார்ஜ் போட்டிருந்த கோட்டு பற்றி யாரும் எழுதவில்லையே. நான் ஆய்வுக்கூடத்தில் மாதிரிகள் கையாளும் வேலையில் இருக்கிறேன், புதிதாக வருபவர்களுக்கு முதல் நாளே சொல்லித் தரும் பாடம், ஒரு மாதிரி இன்னொன்றைத் தொடக்கூடாது என்பது. போலீஸார் காலையில் ஜார்ஜின் கோட்டை எடுத்து, குதிரை முடி இருக்கிறது என்றார்கள். அப்பா, அம்மா, தங்கை மூவரும் பார்த்துவிட்டு முடி இல்லை, அது நூல் என்றார்கள். அன்று மாலை போலீஸ் மருத்துவர் அதே கோட்டில் 29 முடிகள் எடுத்தார்! இடையில், செத்த குதிரையின் தோலில் ஒரு துண்டும் வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. கோட்டும் அந்தத் தோல் துண்டும் ஒன்றாக மருத்துவரிடம் போயிருக்க வேண்டும் என்பது டாயிலின் வாதம், எனக்கும் வேறு விளக்கம் தோன்றவில்லை. பூட்ஸ் தடத்தையும் அச்செடுக்கவில்லை, பக்கத்தில் ஜார்ஜின் பூட்ஸை அழுத்திப் பார்த்து ஒத்துப்போகிறது என்று சொல்லிவிட்டார்கள்.

* * *

தம்பி, உங்கள் நாலு மாதத்தைப் படித்து மனசு கஷ்டமாகிவிட்டது. யாரும் வந்து பேசவில்லை என்றீர்களே, ஜார்ஜுக்கும் அதேதான். 1907 ஜனவரியில் டெய்லி டெலிகிராஃபில் டாயில் எழுதிய பிறகு அரசாங்கம் மூன்று பேர் குழு போட்டது, அதில் ஒருவர் ஆன்சனுக்கு உறவினர். குதிரையைக் கீறியது ஜார்ஜ் அல்ல, ஆனால் கடிதங்களை அவர்தான் எழுதினார், ஆகவே கஷ்டத்தைத் தானே வரவழைத்துக்கொண்டார் என்று அறிக்கை வந்தது. மன்னிப்பு கொடுத்தார்கள், இழப்பீடு ஒரு பென்னிகூட இல்லை. அந்த வருட நவம்பரில் வக்கீல் தொழிலுக்குத் திரும்ப அனுமதி கிடைத்தது. இங்கிலாந்தில் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அமைய 1907-ல் சட்டம் வந்ததில் இவர் வழக்குக்கும் பெக் வழக்குக்கும் பங்கு உண்டு.

1934-ல் ஈனாக் நோல்ஸ் என்ற தொழிலாளி, பல வருடங்களாக மிரட்டல் கடிதங்கள் எழுதியதாக ஒப்புக்கொண்டார், அதில் 1903 வைர்லி கடிதங்களும் உண்டு. அவருக்கு மூன்று வருடம் சிறை. அப்போது ஜார்ஜுக்கு 58 வயது. 1953-ல் அவர் இறக்கும்வரை 1907 அறிக்கையின் அந்த வரியை யாரும் திரும்பப் பெறவில்லை.