தண்டுவடக் காயம்: வீட்டில் வைத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்க

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, வணக்கம். திசையன்விளைப் பக்கம் பனையேறும் எங்கள் சித்தப்பா மரத்திலிருந்து விழுந்துவிட்டார். நெஞ்சுப் பகுதியின் 5ஆவது முதுகெலும்பில் தண்டுவடம் நசுங்கியிருக்கிறது. கை நன்றாக இருக்கிறது. மார்புக்குக் கீழே உணர்வில்லை.

கால் மட்டும் என்றால் பரவாயில்லை. சிறுநீர், மலம், ரத்த அழுத்தம் எல்லாமே தடுமாறுகிறது. போன வாரம் திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகமெல்லாம் வியர்வை. பார்த்தால் சிறுநீர்க் குழாய் தொடைக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. நிமிர்த்தி உட்காரவைத்து, குழாயைச் சரிசெய்ததும் அடங்கியது. நெஞ்சுப் பகுதியின் 6ஆவது எலும்பிலோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்களுக்கு, சிறுநீர் தேங்கி இப்படி ரத்த அழுத்தம் எகிறினால் உயிருக்கே ஆபத்தாம்.

கால் தானாக வெட்டி இழுக்கிறது. சித்தி, “உயிர் வருதுல்லா” என்கிறார். அது அனிச்சைத் துடிப்பு, அதை வைத்து குணமாகிறது என்று சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். சித்தியிடம் எப்படிச் சொல்வது?

மாற்றுத்திறனாளிகளுக்கு மறுவாழ்வுப் பயிற்சி தரும் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தில் பயிற்சி எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? 1981இல் அதைத் தொடங்கிய ராமகிருஷ்ணன் ஐயாவே தண்டுவடத்தில் அடிபட்டவர்தான். அங்கே சேர என்னென்ன கொண்டுபோக வேண்டும்? அப்புறம், 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தும் வாலெலும்பில் தோல் சிவக்கிறது. பழைய காற்றுமெத்தை யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.