மறு: ‘ஏர் பிடிச்சிருச்சு’ – தாளில் எப்படி எழுதுவது?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

கையேட்டுக்கான தமிழ்ச் சொற்கள் பற்றி வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். எனக்கு நேரம் குறைவு. ஏப்ரல் 15-இல் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் தொடங்குகிறது. அந்த 61 நாளில்தான் நம் கரைப் பையன்களுக்குக் கை ஓயும். படகு என்ஜினும் மீன் வண்டியும் பழுதுபார்க்கச் சொல்லிக்கொடுக்கிறோம். கையேடு இந்த வாரம் அச்சுக்குப் போயாக வேண்டும்.

முதல் படியில் “டீசல் லைனில் ஏர் பிடித்தால்” என்றுதான் எழுதியிருந்தேன். டீசல் குழாயில் காற்று (ஆங்கில ‘ஏர்’) புகுந்து அடைத்துக்கொள்வதைப் பட்டறையில் அப்படித்தான் சொல்வார்கள். முதுகுளத்தூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் அதை உரக்கப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். அவன் வீட்டில் ஏர் பிடிப்பது என்றால் உழுவது. பட்டறையில் காதால் கேட்கும்போது குழப்பமே இல்லை, தாளுக்கு வந்ததும் கலப்பையாகிவிடுகிறது. இந்த இழையைத் தொடங்கியது அந்தப் பார்வையால்தான்.

என்ஜின் பக்கம் போகாதவர்களுக்காக நடந்ததைச் சொல்கிறேன். போன மாதம் எங்கள் பழைய பிக்கப்பில், டேங்குக்கும், அதிலிருந்து டீசலை உறிஞ்சும் ஃபீட் பம்புக்கும் நடுவே தண்ணீர் பிரிக்கும் கிண்ணம் ஒன்று கூடுதலாகப் போட்டோம். பொருத்தியவர் நசுங்கிப்போன பழைய செம்பு வாஷரையே திரும்பப் போட்டுவிட்டார். தேவிபட்டினம் தாண்டியதும், பெட்டி நிறைய ஐஸும் மீனுமாக, வண்டி இரண்டு தரம் திக்கி அடங்கிவிட்டது. ஒரு சொட்டு டீசல்கூட ஒழுகவில்லை. ஆளை ஏமாற்றுவது அதுதான். அந்த இடம் உறிஞ்சும் பக்கம். சந்து இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். டீசலை அழுத்தினால் அவ்வளவாகச் சுருங்காது, காற்று சுருங்கும். பம்பு கொடுக்கிற அழுத்தத்தையெல்லாம் குமிழே விழுங்கிக்கொள்ள, என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் திறக்காது.

கிண்ணத்துக்கு வேறு வாஷர் போட்டுவிட்டு, ஃபில்டர் தலையில் உள்ள சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தேன். முதலில் சோப்பு நுரைபோல வெள்ளையாக வந்தது, பிறகு விட்டுவிட்டுக் குமிழ், அப்புறம் கண்ணாடியாக டீசல். ஸ்க்ரூவை முடுக்கியதும் கைப்பம்பு விரலுக்குக் கீழே இறுகியது. கடைசியாக நாசில் பைப் நட்டுகளை 17 நம்பர் ஸ்பேனரால் தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் கசிந்ததும் ஒவ்வொன்றாக முடுக்கினேன். (பழைய மெக்கானிக்கல் பம்பு வண்டிக்குத்தான் இது. டீசல் மிக அதிக அழுத்தத்தில் நிற்கும் காமன் ரெயில் வண்டியில் அந்த நட்டைத் தொடவே கூடாது, பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துவிடும். கையேட்டில் இதைத் தடித்த எழுத்தில் போடுகிறேன்.)

ஆக, காற்று போய் உட்கார்ந்துகொள்வதற்கு ஒரு சொல், அதை வெளியே எடுப்பதற்கு ஒரு சொல், அந்த ஸ்க்ரூவுக்கு ஒரு சொல் வேண்டும்.

> காற்றடைப்பு, காற்றிறக்கம்

பரமக்குடி ஐயா, பட்டறையில் இவை டயருக்குப் போய்விட்ட சொற்கள். ‘காற்று வாங்கல்’ என்றாலோ சாயங்காலம் கடற்கரைக்குக் கிளம்புவதுதான் நினைவுக்கு வரும்.

> குருதிவடிப்பு

வேண்டவே வேண்டாம். காற்றை எடுப்பதை ஆங்கிலத்தில் ‘பிளீடிங்’ என்பார்கள், அவர்களுக்கு அது ரத்தமாகத் தோன்றியிருக்கலாம். நாம் எடுக்க வேண்டியது காற்று.

> வாயுப்பிடிப்பு

கீழக்கரை அக்கா சொன்னது. படித்ததும் சட்டென்று பிடித்துப்போனது. விலாவைப் பிடித்துக்கொண்டு சுக்குக் கஷாயம் கேட்காத வீடு உண்டா? ‘வாயு’ வடசொல் என்று ஐயா மறுத்து, ‘வளிப்பிடிப்பு’ என்றார். வளி என்றாலும் காற்றுதான். வள்ளுவர் நோய்க்குச் சொன்ன “வளிமுதலா எண்ணிய மூன்று” பொருத்தமான மேற்கோள்தான். அங்கிருந்து புறநானூற்று 66-ஆம் பாட்டின் “வளிதொழில் ஆண்ட உரவோன்”, பிறகு பாய்மரம், கச்சான், கொண்டல், வாடை என்று காற்றுகளின் பெயர்களிலேயே இரண்டு நாள் போனது. எல்லாவற்றையும் ஆசையாகப் படித்தேன். ஆனால் வகுப்பில் ‘வளிப்பிடிப்பு’ என்று சொல்லிப் பார்த்தபோது பாதிப் பேர் ‘வலிப்பிடிப்பு’ என்று எழுதினார்கள். பழுதுக்குப் பெயர் ‘வலி’ என்றால் அவர்களுக்கு அது பொருந்தியும் போகிறது, திருத்துவது கடினம்.

அதனால் ‘காற்றுப்பிடிப்பு’ என்று போடுகிறேன். அக்காவின் பிடிப்பும் இருக்கிறது, மெக்கானிக்கின் ‘பிடிச்சிருச்சு’ம் இருக்கிறது. எடுப்பதற்குக் ‘காற்றெடுப்பு’, பட்டறையில் “ஏர் எடு” என்றுதானே சொல்கிறார்கள். கிண்ணத்துக்கு ‘நீர்பிரிப்பான்’, அதில் யாருக்கும் மறுப்பில்லை.

ஸ்க்ரூவுக்கு ஐயா தந்த ‘காலதர்’ அழகான சொல். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்தில் மான்கண் போன்ற சாளரத்துக்கு வந்தது. ஆனாலும் பையன்கள் காலைத்தான் பார்ப்பார்கள். ‘காற்றுத்திருகு’ என்று எழுதுகிறேன். தொண்டி அண்ணன் சொன்னபடி பக்கத்திலேயே ‘ஏர் ஸ்க்ரூ’ என்றும் இருக்கும். கடையில் போய்க் கேட்க வேண்டுமே.

நாளை மாலைக்குள் மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

*

தம்பிக்கு, பரமக்குடியிலிருந்து,

காற்றுப்பிடிப்பு, காற்றெடுப்பு இரண்டுக்கும் ஒப்புகிறேன். வளியை விட்டுக்கொடுக்க மனமில்லைதான், ஆனால் பையன்கள் வலி என்று எழுதினார்கள் என்றால் அதற்குமேல் நான் பேச முடியாது. காற்றுத்திருகுக்கு ஒப்பமாட்டேன். காற்றாலையில் முடுக்குகிற திருகும் காற்றுத்திருகுதான் என்று நாளை ஒருவன் கேட்பான். காலதர் என்றால் திறந்து விடும் வழி என்பது சொல்லிலேயே இருக்கிறது. காற்று என்ற சொல்லே கால் என்பதிலிருந்து வந்ததுதான் என்று வகுப்பில் சொல்ல ஐந்து நிமிடம் போதும். கடலில் காற்றுப் பார்த்துப் போகிறவர்களின் பிள்ளைகளுக்கு அந்த ஐந்து நிமிடத்தை ஏன் மறுக்கிறீர்கள்? அச்சுக்குக் கொடுத்துவிடுங்கள், அடுத்த பதிப்புக்கு நான் மறுபடியும் எழுதுவேன்.

அந்தச் செம்பு வாஷருக்கு என்ன எழுதியிருக்கிறீர்கள்?