மிதவை விமானம் மட்டுமே போகும் மீன்பிடி விடுதியில் ஒரு சீசன் சமையல் வேலை: போகலாமா?

உப்புக்கல்:

வணக்கம். அலாஸ்காவில் பிரிஸ்டல் விரிகுடாப் பக்கம், இலியம்னா ஏரியைத் தாண்டி ஆற்றோரம் இருக்கும் ஒரு மீன்பிடி விடுதிக்குச் சமையல்காரராக வரச் சொல்லியிருக்கிறார்கள். ஜூன் முதல் வாரம் போனால் செப்டம்பர் கடைசியில்தான் திரும்ப முடியும். வேலை அனுமதியில் எனக்குச் சிக்கல் இல்லை, அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

ஓட்டல் சமையலறையில் ஆறு வருஷம் நின்றவன் நான். ஆனால் எப்போதும் பக்கத்தில் நாலு பேர் இருந்தார்கள், எதாவது தீர்ந்துபோனால் ஒரு போனில் வந்து இறங்கிவிடும். இங்கே அடுப்பில் நான் ஒருவன்தான், பாத்திரம் கழுவவும் பரிமாறவும் ஒருவர் இருப்பாராம். விருந்தினர் 12, வேலையாட்கள் 8, ஆக மூன்று வேளையும் 20 தட்டு. சாலை கிடையாது, வாரம் ஒருமுறை தண்ணீரில் இறங்கும் சாமான் விமானம். 20 பேருக்குச் சமைப்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை, அதனால்தான் பயமாக இருக்கிறது, எதையோ கவனிக்காமல் விடுகிறேன் என்று தோன்றுகிறது. போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், என்ன விடுகிறேன்?

ஆற்றங்கரை:

மூன்று சீசன் செய்திருக்கிறேன், வேறு விடுதி, அதே சுற்றுவட்டாரம்.

நீங்கள் விடுவது எண்ணிக்கையை. கைப்பக்குவம் எல்லாம் அப்புறம்தான், முதலில் கணக்கு. வாரம் ஒரு விமானம் என்று சொல்வார்கள், மூடுபனி இறங்கிவிட்டால் அது பத்து நாளுக்கு ஒரு விமானம் ஆகிவிடும், விமானியைத் திட்டிப் பயனில்லை, அவர் கண்ணுக்குத் தண்ணீர் தெரிந்தால்தான் இறங்குவார். வந்தாலும் எல்லாமே எடைக் கணக்கு. ஆள், பை, தூண்டில் பெட்டி, படகுக்கு எரிபொருள், இவ்வளவும் ஏறிய பிறகு மிஞ்சும் இடம்தான் உங்கள் காய்கறிக்கு. அங்கே இன்னும் பறக்கும் பீவர் விமானம் 1947இல் முதலில் பறந்த மாடல், உறுதியான வண்டிதான், ஆனால் லாரி இல்லை. அதனால் தண்ணீரைச் சுமந்து வரும் பொருளுக்குக் காசு கொடுக்காதீர்கள். பாலுக்குப் பதில் பால்பவுடர், டின் சூப்புக்குப் பதில் எலும்பு வேகவைத்து நீங்களே எடுக்கும் சாறு.

என் கதையைச் சொல்கிறேன். முதல் சீசன், இரண்டாவது ஆர்டர், ஈஸ்ட் எழுத மறந்துவிட்டேன். மைதா 50 கிலோ வந்து இறங்கியது, ஈஸ்ட் இல்லை. அடுத்த விமானம் மூன்று நாள் தள்ளிப் போனது. பத்து நாள் பேக்கிங் சோடா போட்ட ரொட்டிதான், அதுவும் மதியச் சாண்ட்விச்சுக்கு வெட்டினால் உதிரும். ஐந்தாவது நாள் ஒரு விருந்தினர் ரொட்டியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, திரும்ப வைத்துவிட்டார். அன்று ராத்திரியே மாவும் தண்ணீரும் கலந்து ஒரு ஜாடியில் புளிக்க வைத்தேன், அந்த ஜாடியை அடுத்த இரண்டு சீசனும் விடவில்லை.

காய்கறி எந்த வரிசையில் தீரும் என்பதை வைத்து மெனு போடுங்கள். கீரை, லெட்டூஸ் எல்லாம் விமானம் வந்த மூன்று நாளுக்குள். அப்புறம் தக்காளி, வெள்ளரி. கடைசியில் கைகொடுப்பது முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட். உருளையையும் வெங்காயத்தையும் ஒரே மூலையில் போடாதீர்கள், சீக்கிரம் கெட்டுவிடும். ஆப்பிளைக் கீரை பக்கத்தில் வைத்தால் கீரை மஞ்சளாகும்.

விருந்தினர் கூட்டம் வாரம் ஒருமுறை மாறும், அதனால் ஏழு நாள் மெனு ஒன்றை உருப்படியாகச் செய்து அதையே சீசன் முழுக்கச் சுற்றினால் போதும், யாருக்கும் தெரியாது.

நாள் எப்படிப் போகும் என்றால், காலை 4.30க்குக் காபி, 6.30க்குக் காலை உணவு. அதே நேரத்தில் ஒவ்வொரு படகுக்கும் மதிய உணவு கட்டியாக வேண்டும், உண்மையில் அந்த இரண்டு மணி நேரம்தான் நாளிலேயே கடினம். எட்டு மணிக்குப் படகுகள் போய்விட்டால் ஒரு அமைதி வரும் பாருங்கள். ரொட்டி, இனிப்பு, ராத்திரி இறைச்சிக்கான வேலை எல்லாம் மதியத்துக்குள். பிறகு கண்டிப்பாகப் படுங்கள். ஜூனில் 18 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம், உடம்புக்குப் பொழுது சாய்ந்ததே தெரியாது, ஜன்னலில் கறுப்புத் துணி கட்டாவிட்டால் மூன்றாவது வாரம் கையில் கத்தி நடுங்கும்.

அப்புறம் ஓவனை அளக்கச் சொல்லுங்கள். ஓட்டலில் நாம் பழகிய முழுத்தட்டு 18க்கு 26 அங்குலம், வீட்டு ஓவனில் நுழையாது. பெரிய விடுதியிலும் வீட்டு ஓவன் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கத்திமுனை:

மேலே சொன்னதில் ஒன்றைத் தவிர எல்லாம் சரி. ஏழு நாள் மெனுவைச் சுற்றினால் விருந்தினருக்குத் தெரியாதுதான், ஆனால் வேலையாட்கள் எட்டு பேரும் சீசன் முழுக்க அங்கேயே இருப்பார்கள். பதினோராவது செவ்வாய்க்கிழமையும் அதே பன்றி இறைச்சி வறுவலைப் பார்த்தால் கைடுகள் தட்டைத் தள்ளிவிட்டுப் போவார்கள். நான் பார்த்த விடுதியில் ஜூலை கடைசியில் சண்டை வந்ததற்குக் காரணம் சம்பளமோ வேலையோ இல்லை, "எங்களுக்கு மிச்சம்தானா" என்ற ஒரே கேள்விதான். வாரத்தில் இரண்டு நாளாவது அவர்களுக்கென்று தனியாக, அவர்கள் கேட்டதைச் செய்யுங்கள்.

இனி மீன். மீன்பிடி விடுதி என்றதும் தினமும் மீன் சமைக்க வேண்டும் என்று நினைப்பீர்கள், அப்படி இல்லை. நிறைய ஆறுகளில் ரெயின்போ ட்ரௌட்டைப் பிடித்து உடனே விட்டுவிடுவார்கள், வைத்துக்கொள்ளும் சால்மனும் பெரும்பாலும் பொட்டலம் கட்டி விருந்தினர் வீட்டுக்குப் போகும். சாக்கை சால்மன் ஜூலை தொடக்கத்தில் குவியும், 2022இல் அந்த விரிகுடாவுக்குத் திரும்பியது 7 கோடியே 90 லட்சம் அளவில், அதுவரை கணக்கில் இல்லாத எண்ணிக்கை. அந்த இரண்டு வாரம் உங்கள் ஃப்ரீசரில் இடம் கேட்டு வருவார்கள். கொடுக்காதீர்கள். மீனுக்குத் தனி ஃப்ரீசர், சமையலறைக்குத் தனி, முதல் நாளே பேசிவிடுங்கள்.

ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் கேட்பார்: "இப்போதுதான் பிடித்தது, பச்சையாகவே மெல்லிசாக வெட்டித் தாருங்கள்." புதிதாகப் பிடித்ததால் பாதுகாப்பு என்பது தப்பு. கடலில் இருந்து வந்த காட்டு சால்மனில் ஒட்டுண்ணிப் புழு சாதாரணம். பச்சையாகக் கொடுக்க வேண்டுமானால் −20 டிகிரி செல்சியஸில் ஏழு நாள் உறைந்திருக்க வேண்டும், வீட்டு ஃப்ரீசர் பெரும்பாலும் −18இல்தான் நிற்கும். வேகவைத்தால் நடுவில் 63 டிகிரி. நான் ஒரு வெள்ளைக்கோடு மாதிரிச் சுருண்டிருந்த புழுவை முள்கரண்டியால் எடுத்துத் தட்டோரத்தில் வைத்துக் காட்டினேன், அதற்கப்புறம் அந்த வாரம் யாரும் கேட்கவில்லை. கொஞ்சம் அராஜகம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

புகைபோட்ட மீனைக் காற்றை உறிஞ்சிப் பொட்டலம் கட்டினால் உறையவைத்தே வையுங்கள், உருக வைக்கும்போது பொட்டலத்தை வெட்டித் திறந்துவிடுங்கள். காற்றில்லாத பொட்டலம் குளிராமல் கிடந்தால் போட்டுலிசம் என்ற உயிரையே எடுக்கும் உணவு நச்சு வரலாம். மருத்துவமனைக்கும் விமானம்தான், அந்த விமானத்துக்கும் மூடுபனி விலக வேண்டும்.

அதே காரணத்தால் பெரிய பானைச் சூப்பை அப்படியே ஆறவிடாதீர்கள். 57 டிகிரியிலிருந்து 21க்கு இரண்டு மணி நேரத்தில் இறங்க வேண்டும், மொத்தம் ஆறு மணி நேரத்தில் 5க்கு. ஆழமில்லாத தட்டுகளில் பிரித்து ஊற்றினால் இறங்கிவிடும். வெளியே குளிராகத்தான் இருக்கிறது என்று பானையை வெளியே படியில் வைத்துவிட்டு வருவதும் வேண்டாம். கரடி வரும். வந்தது. பானை முப்பதடி தள்ளி, மூடி கடைசிவரை கிடைக்கவே இல்லை. குப்பை, எண்ணெய் டின், மீன் கழுவிய தண்ணீர் எல்லாவற்றுக்கும் விடுதியில் ஒரு ஒழுங்கு இருக்கும், மின்வேலி இருக்கும், அதில் சமையல்காரர் ஏமாற்றினால் ஆபத்து எல்லோருக்கும்.

உப்புக்கல்:

இரண்டு பேருக்கும் நன்றி, ஃப்ரீசர் விஷயம் என் மண்டையில் வந்திருக்கவே வந்திருக்காது. இன்னும் இரண்டு கேள்வி. ஜெனரேட்டரை ராத்திரி நிறுத்துவார்களாம், ஃப்ரீசர் தாங்குமா? சம்பளம் நாள்கூலியாகச் சொல்கிறார்கள், டிப்ஸ் "பிரித்துத் தருவோம்" என்கிறார்கள், இது வழக்கமா?

துடுப்பு:

நான் சமையல்காரன் இல்லை, நாலு சீசன் கைடாகப் படகு ஓட்டியவன், உங்கள் சாப்பாட்டை ஆற்றில் வைத்துத் தின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ராத்திரி நிறுத்தினால் ஒன்றும் ஆகாது. நிறைந்த ஃப்ரீசர் திறக்காமல் இருந்தால் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24. குளிர்பெட்டிதான் நாலு மணி நேரம். காலியிடத்தைத் தண்ணீர் பாட்டிலால் நிரப்பி வையுங்கள்.

டிப்ஸ்: கைடுக்கு விருந்தினர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போவார்கள், உங்கள் முகத்தை அவர்கள் தினமும் பத்து நிமிஷம்தான் பார்க்கிறார்கள். அதனால் பொதுப்பெட்டி இருப்பது உங்களுக்கு நல்லது, ஆனால் எத்தனை பங்கு, யார் எண்ணுவது என்று எழுத்தில் கேளுங்கள். முதலாளியும் மேலாளரும் அந்தப் பெட்டியில் கைவைக்கக் கூடாது என்பது அமெரிக்க மத்தியச் சட்டம். டிப்ஸைக் காட்டிக் குறைந்தபட்சச் சம்பளத்தைக் குறைப்பதும் அலாஸ்காவில் செல்லாது. ஒரு நாளில் எட்டு மணி நேரம் தாண்டினால் ஒன்றரை மடங்கு என்பது அங்கே பொது விதி, சின்ன நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு, நாள்கூலி என்றால் அது எத்தனை மணி நேரத்துக்கான கூலி என்று கேட்டுவிடுங்கள். நடுவில் விலகினால் விமானக் கட்டணம் யாருடையது என்பதையும். நான் இருந்த இடத்தில் ஆகஸ்டில் ஒரு சமையல்காரர் போய்விட்டார், அடுத்த 12 நாள் முதலாளியின் மைத்துனர் சமைத்தார், அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

மதியப் பொட்டலம் பற்றி ஒரு வேண்டுகோள். மழையில் ஆறு மணி நேரம் நின்ற கைக்கு விரல் மடங்காது. இறுக்கிச் சுற்றிய பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கிழித்திருக்கிறேன். காகிதத்தில் சுற்றி, தக்காளியை ரொட்டிக்குள் வைக்காமல் தனியாக வையுங்கள், ஊறிக் கூழாகிவிடும். ஆற்றங்கரையில் மீன் வறுக்கும் நாளென்றால் எண்ணெய், மாவு, உப்பு, இடுக்கி நாலும் பெட்டியில் இருக்கிறதா என்று இரண்டு தரம் பாருங்கள். உப்பில்லாமல் போன நாள் ஒரு விருந்தினரின் உருளை வறுவல் பாக்கெட்டை நொறுக்கி மீன் மேல் தூவினோம். சொல்லக் கூடாது, நன்றாகவே இருந்தது.

ஒவ்வாமைப் பட்டியலை விருந்தினர் விமானம் ஏறுவதற்கு முன்னால் வாங்கிவிடுங்கள். மேசையில் உட்கார்ந்த பிறகு "எனக்குக் கோதுமை ஆகாது" என்றால் உங்களிடம் அப்போது இருப்பது உருளை மட்டும்தான்.

ஆற்றங்கரை:

கத்திமுனை சொன்ன வேலையாட்கள் சாப்பாடு விஷயம் சரிதான், வாபஸ் வாங்குகிறேன். எங்கள் கைடுகள் ஏன் என் முகத்தைப் பார்க்காமல் காபி எடுத்தார்கள் என்று இப்போதுதான் புரிகிறது.

உப்புக்கல்:

ஓவனை அளந்து அனுப்பச் சொல்லி எழுதினேன். இன்று பதில் வந்தது: உள் அகலம் 22 அங்குலம், ஒரே ஓவன், அதன் கதவு சரியாக மூடாதாம், விறகுக்கட்டை ஒன்றை முட்டுக் கொடுத்துத்தான் சுடுவார்களாம், போன வருஷச் சமையல்காரர் அந்தக் கட்டையில் தன் பெயரைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறாராம். ஒப்புக்கொண்டுவிட்டேன். அரைத்தட்டு ஆறு, கறுப்புத் துணி நாலு மீட்டர், ஈஸ்ட் ஒரு கிலோ என் பையிலேயே வருகிறது.