துவர்த்து எங்கே கெட்டணும்?

தோளில் போடுற துண்டைப் பத்தி எல்லாரும் கதை சொல்லுதீங்க, நம்ம பங்குக்கு ஒண்ணு. நாகர்கோவில் பக்கம் அது துவர்த்து. தோளில் அழகாக மடித்துப் போட்டால் நேரியல்.

மதுரையிலிருந்து மச்சினன் வந்திருந்தான். சாமித்தோப்பு பதிக்கு, அதான் அய்யா வைகுண்டரைக் கும்பிடுற அய்யாவழிக்காரங்க கோயிலுக்கு, கூட்டிட்டுப் போனேன். முத்திரிக் கிணற்றில் குளித்தாச்சு, சட்டையைக் கழற்றியாச்சு. பய பக்தியா துவர்த்தை இடுப்பில் சுற்றிக்கொண்டான். மற்ற கோயிலில் அதுதானே மரியாதை! வாசலில் நின்ற பெரியவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"மக்கா, இடுப்புல கெட்டாத. அய்யா பதியில தலையில கெட்டணும்."

அவரே அவிழ்த்து, உதறி, நெற்றி மறையாமல் ரெண்டு சுற்று சுற்றி, நுனியைக் காதுக்கு மேல் செருகிவிட்டார். நாமம் வாங்கக் குனிந்தபோது நான் கெட்டினதுதான் அவிழ்ந்து விழுந்தது, அவர் கெட்டினது அசையவில்லை.

திரும்பும் வழியில் பைக்கில் மச்சினன் கேட்டான்: ஏன் தலையில்? நான் சொன்னேன்: திருவிதாங்கூர் காலத்தில் இந்தப் பக்கத்து நாடார்களுக்கும் இன்னும் பல சாதிக்காரர்களுக்கும் தலைப்பாகை கூடாது, தோளில் துணி கூடாது. அந்தக் காலத்தில்தான் வைகுண்டர், தலைப்பா கெட்டிக்கிட்டு வந்து கும்பிடுங்கன்னு சொன்னார்.

அதே திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் நடத்தின தோள்சீலைப் போராட்டத்தைப் பலரும் 'மாரை மறைக்கிற சண்டை' என்று மட்டும் எழுதுகிறார்கள். எனக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது. 1829 பிப்ரவரியில் வந்த அரசு உத்தரவைப் பாருங்க: கிறிஸ்தவர்களான நாடார் பெண்கள் குப்பாயம் (ரவிக்கை மாதிரி சட்டை) போட்டுக்கலாம், மேல்சீலை (தோளில் போடும் துணி) மட்டும் கூடாது. அதாவது அவங்க மறைப்பதற்குச் சம்மதம், உயர்சாதிப் பெண்களைப் போலத் தோளில் சீலை போடுவதற்குத்தான் தடை. பிறகு அடிதடி, தீவைப்பு. 1859 ஜூலை 26-ல் உத்திரம் திருநாள் மகாராஜா, நாடார் பெண்கள் எப்படி வேணும்னாலும் மறைச்சுக்கலாம்னு அறிவித்தார். அதிலும் ஒரு வால்: உயர்சாதிப் பெண்கள் உடுத்துவது போல மட்டும் கூடாது. அந்தத் தோள்சீலைக்குத்தான் அம்புட்டு மதிப்பு.

மச்சினன் ஒண்ணும் பேசவில்லை. எனக்குப் பாட்டா (தாத்தா) ஞாபகம் வந்தது. 1980 வாக்கில் நான் சின்னப் பையன். வீட்டில் அவர் தோளை விட்டு துவர்த்து இறங்காது. முகம் துடைக்க, ஈ விரட்ட, திண்ணையில் விரித்துப் படுக்க எல்லாத்துக்கும் அதுதான். பழைய வயல் முதலாளி வீட்டு நடை வந்ததும் மட்டும் அது வழுக்கின மாதிரி தோளிலிருந்து கக்கத்துக்குப் போய்விடும். யாரும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. ஒருநாள் அப்பா ரோட்டிலேயே சத்தம் போட்டார், "இப்ப எவன் கேக்கான்? தோள்லயே கிடந்தா என்னவாம்?"

பாட்டா துவர்த்தை எடுத்து மறுபடி தோளில் போட்டபடியே சொன்னார்: "கை தானா போவுதுலே, நான் என்ன செய்ய?"