ஏழு தலைப்புக்கு மேல் ஆகாதா?

பால்மரம்: நம் ரப்பர் தோட்டத்துப் பழைய படங்களின் வலைத்தளத்தில் பதினொரு தலைப்புகளை ஏழாகக் குறைத்துவிட்டாராம் தம்பி லயத்துவீடு. "மனித மூளையில் ஏழுதான் நிற்கும்" என்று நேற்று எழுதியிருக்கிறார். கோவில் திருவிழாவும் தமிழ்ப்பள்ளியும் இப்போது 'இதர' என்ற மூட்டைக்குள். உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் ஏழு என்று எழுதியது, கேட்ட எண்களை உடனே திருப்பிச் சொல்வது போன்றவற்றின் கணக்கு. திரையில் தலைப்பு கண்முன்னே நிற்கிறதே, அதை ஏன் மனப்பாடம் செய்ய வேண்டும்?

லயத்துவீடு: அண்ணே, டிசைன் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது ஏழு. ஏழு என்றால் ஏழுதான்.

பால்மரம்: 2001இல் நெல்சன் கோவன் என்ற இன்னோர் உளவியலாளர், நினைவில் நிற்பது ஏறக்குறைய நான்கு என்றார். நாளைக்கு நான்காக வெட்டுவீர்களா? மில்லர் அழுத்திச் சொன்னது, சேர்த்துக் கட்டினால் நிறைய நிற்கும் என்பதை. நம் ஐசியை, அதுதான் மலேசிய அடையாள அட்டையைப் பாருங்கள், பன்னிரண்டு எண். ஆறு பிறந்த தேதி, பேராக் மாநிலத்தில் பிறந்தால் 08, அப்புறம் நான்கு எண். யார் தடுமாறுகிறார்கள்?

மேட்டுலயம்: எல்லாருக்கும் 08 இல்லை, அண்ணே. நான் கெடாவில் பிறந்தவள், 02. பேராக்கில் இருக்கும் சுங்கை சிப்புட்காரர்களுக்கு வேறு ஊரே தெரியாது.

லயத்துவீடு: ஐசியிலும் மூன்றே கூறு! ஏழுக்குள்தானே வருகிறது?

பால்மரம்: எண்ணிக்கையை விடுங்கள் தம்பி. அம்மாவிடம் போனைக் கொடுத்தேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். '1970 முதல் 1980' என்ற தலைப்பைத் தொடவே இல்லை. "பால் கொட்டாய் எங்கே? காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களம் எங்கே?" என்றுதான் கேட்டார். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு ஞாபகம் இடத்தில் இருக்கிறது. இடம் இடமாகப் பிரித்துப் போட்டால் பதினைந்து தலைப்பு இருந்தாலும் தேடி எடுப்பார்கள்.

கிராணிவீடு: இடம் இருக்கட்டும். படம் கொடுத்தவர் பெயர் எங்கே போனது? போன திருவிழா நோட்டீசிலும் என் பெயரை விட்டீர்கள். மறக்கவில்லை.

லயத்துவீடு: நோட்டீஸ் அடித்தது நானா? இராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து தளம் செய்தவன் நான். பேசுகிறவர்கள் ஒரு படமாவது ஸ்கேன் செய்தீர்களா?

பால்மரம்: நாற்பது படம் கொடுத்தேன், தம்பி. முப்பது உங்கள் 'இதர'வில் கிடக்கிறது. என் அப்பா பால் வாளியோடு நிற்கும் படமும் அங்கேதான். அவர் இதரவா?

லயத்துவீடு: அப்பாவை யாரும் குறை சொல்லவில்லை. ஏழை மாற்ற மாட்டேன்.

பால்மரம்: 1956 கட்டுரையை முழுதாகப் படித்துவிட்டு வாருங்கள். அதுவரை புதுப் படம் தர மாட்டேன்.

மேட்டுலயம்: 02 பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே.