மறு: பொத்தான் முதுகில் இருக்கும் எழுத்துக்கு ஒரு சொல்: முதுகுவிலாசம்?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய ராணுவப் பொத்தானின் பின்பக்கம் வட்டமாக ஓடுகிற எழுத்துக்குப் பெயர் வைக்க மூன்று நாளாக இழுத்துக்கொண்டிருக்கிறோம். பின்குறி, பின்முத்திரை, புறக்குறி, செய்தோன்குறி என்று நான்கு வந்திருக்கின்றன. நான்கும் எனக்கு உறுத்துகின்றன.

பொத்தான் பேச்சில் ‘பின்’ என்று தொடங்கினால் தையற்கடைக்காரர் ஊக்கைத்தான் தேடுவார். இரண்டும் ஒரே டப்பாவில் கிடக்கிற சாமான். ‘புறம்’ என்றால் முதுகு என்றும் வரும், வெளிப்பக்கம் என்றும் வரும். அகம் புறம் படித்தவர் முன்பக்கச் சின்னத்தையே நினைத்துக்கொள்வார். ‘செய்தோன்குறி’ கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தகவல் தப்பு. அங்கே இருப்பது எப்போதும் செய்தவர் பெயர் அல்ல. உடுப்பு தைத்துக் கொடுத்த கடையின் பெயரும் இருக்கும்.

நான் சொல்ல வருவது ‘முதுகுவிலாசம்’. எனக்கு இது தோன்றிய விதத்தைச் சொன்னால் காரணமும் விளங்கும்.

எங்கள் அப்பத்தாவின் சுருக்குப்பைக் கயிற்று நுனியில் ஒரு பித்தளைப் பொத்தான் தொங்கும். சிங்கம் போட்டது. ‘கும்பினிப் பித்தான்’, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிப் பொத்தான், என்று வீட்டில் சொல்வார்கள், நானும் நம்பினேன். போன மாதம் புளி போட்டுத் தேய்த்துவிட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தால், சிங்கத்துக்கு எதிரே ஒற்றைக்கொம்புக் குதிரை நிற்கிறது, நடுவில் கேடயம். இது கும்பினிச் சின்னம் இல்லை, பிரிட்டிஷ் அரச சின்னம். 1871இல் அவர்கள் காலாட்படையின் சாதாரணச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவு எண் போட்ட பொத்தானை நிறுத்திவிட்டு எல்லாருக்கும் பொதுவாகக் கொடுத்த பொத்தானில் இருப்பது. கும்பினி ஆட்சியோ 1858இலேயே முடிந்துவிட்டது. மேலே இருந்த கிரீடத்தின் வளைவு நடுவில் பள்ளம் விழாமல் குவிமாடம் மாதிரி உருண்டிருந்தது. அது 1901க்குப் பின் அரசர்கள் காலத்துக் கிரீடம். 1952 வரை ஓடியது. ஆக, கும்பினி போய்ச் சேர்ந்து நாற்பது வருஷத்துக்கும் பிறகு பிறந்த பொத்தான். அப்பத்தா இருந்திருந்தால் என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டார்.

திருப்பினால், நூல் கோக்கிற காதைச் சுற்றி எழுத்து. பாதி தேய்ந்துபோய் ‘லிமிடெட்’ என்பது மட்டும் தெளிவாக இருந்தது. அந்த ஒரு சொல்லே போதும். இங்கிலாந்தில் 1855ஆம் வருஷச் சட்டத்துக்குப் பிறகுதான் கம்பெனிகள் பெயரோடு அதைச் சேர்த்துக்கொண்டன. இப்படி ஒரு பொத்தானைப் பழம்பொருள் கடைக்காரர் யாராவது ‘1820’ காலத்தது என்றால், முகப்பைப் பார்க்காமலே தள்ளிவிடலாம்.

(‘முகப்பு’ என்று சின்னம் இருக்கிற பக்கத்தைச் சொல்லிவிட்டேன். சங்கிலிக்கு முகப்பு என்கிறோமே, அதேதான். அதற்குத் தனியாக விவாதம் வேண்டாம் என்பது என் கட்சி.)

இங்கேதான் எனக்கு எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் நினைவுக்கு வந்தன. செட்டிநாட்டில் விலாசம் என்றால் தெருவும் கதவெண்ணும் மட்டும் இல்லை. தாத்தா, அப்பா பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த தொழில் பெயரும் விலாசம்தான். கல்யாணச் சாமானில் அதை வெட்டி வைப்பார்கள். பங்கு பிரிந்தால் எழுத்து மாறும், தலைமுறை ஏறினால் ஓர் எழுத்து கூடும். அண்டாவின் விளிம்பில் இருக்கிற விலாசத்தைப் பார்த்து, இது ஐயா காலத்ததா அவருடைய அப்பா காலத்ததா என்று சொல்லிவிடுகிற ஆச்சிகள் இன்றும் இருக்கிறார்கள். பொத்தான்காரர்கள் செய்வதும் அச்சு அசலாக இதுதான். லண்டன் ஃபிர்மின் கம்பெனிப் பொத்தான்களில் ஸ்ட்ராண்ட் தெரு, காண்டூயிட் தெரு என்று கடையின் தெருப்பெயரே அடித்திருக்கும். கடை இடம் மாறினால், மகனோ கூட்டாளியோ சேர்ந்தால், எழுத்து மாறும். அதை வைத்து வருஷத்தை நெருக்கிவிடலாம். பெயரும் இடமும் சேர்ந்தது விலாசம். செய்தவர் என்றாலும் விற்றவர் என்றாலும் பொருந்தும்.

> முன்பக்க எண்ணே போதுமே, பின்பக்கத்துக்கு இவ்வளவு எதற்கு?

போதாது ஐயா. பிரிட்டிஷ் படையில் 1767 முதல் பொத்தானில் பிரிவு எண் உண்டு என்பது சரி. ஆனால் ‘73’ என்று ஒரு பொத்தான் கிடைத்தால் என்ன செய்வீர்கள்? 1881 வரை அது பிரிட்டிஷ் காலாட்படை ஒன்றின் எண். 1903இல் மதராஸ் காலாட்படை எண்களோடு அறுபதைக் கூட்டியபோது, நம் 13ஆம் பிரிவு 73ஆம் கர்னாடிக் காலாட்படை ஆனது. எண் ஒன்று, படை இரண்டு. பழைய அச்சை வைத்துப் பிற்காலத்தில் மறுபடி அடிப்பதும் உண்டு. முகப்பு அப்படியே பழசாக இருக்கும், முதுகில் புதுக் கம்பெனி பெயர் காட்டிக்கொடுத்துவிடும்.

> விலாசம் தமிழா? முகவரி என்றே வைக்கலாமே.

முதுகில் இருப்பதற்கு முகவரியா! சும்மா சொன்னேன், கோபிக்க வேண்டாம். முகவரி தெருவோடு நின்றுவிடும், தொழில் பெயரைத் தொடாது. அதனால்தான் விலாசம்.

ஒரு குறை இருக்கிறது, மறைக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதிப் பொத்தான்கள் பலவற்றில் பெயரே இராது. ‘மும்முலாம்’, ‘மிக உயர்ந்த தரம்’ என்கிற பொருளில் ஆங்கிலத்தில் தம்பட்டம் மட்டும் அடித்திருக்கும். அதை விலாசம் என்று சொல்ல முடியாது. அதற்குத் ‘தரக்குறி’ என்று தனியாக வைத்துக்கொள்ளலாம். நகையில் 916 பார்த்துப் பழகியவர்களுக்கு உடனே புரியும்.

நேற்றுக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனேன். ஒரு பழம்பொருள் கடையில், வேண்டுமென்றே விளக்கம் எதுவும் சொல்லாமல், “அண்ணே, முதுகுல விலாசம் இருக்கிற பித்தான் இருக்கா?” என்று கேட்டேன். என்ன என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை. பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து, ஒவ்வொன்றாக முதுகைத் திருப்பிப் பார்த்து, ஐந்தை ஒதுக்கி வைத்தார். அப்புறம் அந்த ஐந்துக்கு மட்டும் விலையை ஏற்றிச் சொன்னார்.